வள்ளத்திலிருந்து இறக்கிய சுருவம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருடங்களைக் கடத்திவிட்டேன். பேனையை எடுத்துக்கொண்டு இருப்பேன். பிறகு அடுப்பில் கறி கிடக்கிறது என்று எழும்பிப் போய்விடுவேன். அடுப்பில் ஒன்றும் கிடக்காது. பயம்தான். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதினால் பிழை வரும் என்பது ஒரு பயம். மற்றது, இது என்னுடைய கதை மட்டுமல்ல, என் கணவருடையதும். ஒரு மனிதர் ஆண்டவரோடு கதைக்காமல் விட்ட கதை. அதை அவருடைய மனைவியே ஊருக்கு எழுதிக் காட்டலாமா என்று என்னையே கேட்பேன். கூடாது என்று நானே பதிலும் சொல்லிவிடுவேன். போன தவக்காலத்தில்தான் அவரிடமே கேட்டேன். திருத்திக்கொண்டிருந்த வலையிலிருந்து தலை நிமிராமல், "எழுதுமன்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கொழும்புத்துறையில். படலையைத் திறந்தால் கடல் தெரியும். என் அப்பா, அவருடைய அப்பா, எல்லோரும் தொழிலுக்குப் போனவர்கள். எங்கள் பக்கத்தில் தொழில் என்று சும்மா சொன்னால் அது கடல்தான். மற்றத் தொழில்களுக்குத்தான் பெயர் சொல்ல வேண்டும். நாங்கள் கத்தோலிக்கர். அயலில் உள்ள சைவச் சனம் எங்களை வேதக்காரர் என்பார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம்.

எங்கள் ஆட்கள் வள்ளம் ஒன்றை வாங்கினால் அதற்கு ஒரு புனிதரின் பெயரை எழுதி, முன்பக்கத்தில், அணியம் என்று சொல்கிற இடத்தில், சின்னக் கூடு ஒன்று அடித்து அவருடைய சுருவத்தை, சின்னச் சிலையை, வைப்பது வழக்கம். எங்கள் வள்ளத்தில் அந்தோனியார் இருந்தார். கையளவுச் சுருவம். உப்புக்காற்றில் மூக்கு நுனி தேய்ந்திருந்தது. அவர் தூக்கி வைத்திருந்த குழந்தை இயேசுவுக்கு ஒரு விரல் இல்லை.

என் கணவர் கோயில் செபத்துக்குப் பெயர்போனவர் அல்ல. ஞாயிறு பூசைக்கு வருவார். வந்து, வாசலுக்கு வெளியே வேப்பமரத்தின் கீழ் மற்ற ஆம்பிளைகளோடு நிற்பார். பின்னேரம் வீட்டில் செபமாலை தொடங்கினால் இரண்டாவது பத்து முடியமுதலே சுவரில் சாய்ந்து நித்திரையாகிவிடுவார். மகள் கிள்ளி எழுப்புவாள். "ஆமென்" என்று எல்லாரையும் விடச் சத்தமாகச் சொல்லிவிட்டு மறுபடியும் நித்திரை.

வள்ளத்தில் அவர் வேறு ஆள். சாப்பாட்டுப் பார்சல் கொண்டு கரைக்குப் போகிற நேரங்களில் நான் பார்த்திருக்கிறேன். கையால் கடல் தண்ணீரை அள்ளி நெற்றியில் வைத்துச் சிலுவை அடையாளம் போடுவார். பிறகு கூட்டின் கண்ணாடியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார், ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவது போல. "இஞ்சை பாரும்," என்று தொடங்குவார். "நேற்றையைப் போலை செய்யாதையும். காத்து மாறுறது எண்டா முதலே சொல்லும்." என்னோடு எப்படிக் கதைப்பாரோ அதே மாதிரித்தான் அந்தோனியாரின் கையில் இருந்த ஆண்டவரோடும் கதைப்பார். கூடப் போகிறவர்கள் சொல்லுவார்கள், நடுக்கடலிலும் அவர் வாய் ஓயாது என்று. மீன் படாவிட்டால் ஏசுவார், பட்டால் பகிடி விடுவார், மழை வந்தால் முறையிடுவார். புத்தகத்தில் உள்ள செபம் ஒன்றும் அதில் இருக்காது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த மனிதர் ஒருநாள் விடிய, வலை இழுத்தபடி நின்றவர், தண்ணீருக்குள் விழுந்துவிட்டார். கால் வழுக்கியிருக்கும் என்றார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் விழுந்தார். இந்தமுறை வள்ளத்தின் விளிம்பு விலாவில் அடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்காதில் கோளாறு, அதனால்தான் தலை சுற்றுகிறது என்றார்கள். உயிருக்கு ஒன்றும் செய்யாது, தரையில் கவனமாக நடந்தால் சமாளிக்கலாம், ஆனால் ஆடுகிற இடத்தில் நிற்கவே கூடாது. அதுதான் அவர்கள் சொன்னது.

நோய், வருத்தம் என்று சொல்லப் பார்வைக்கு ஒன்றும் இல்லை. ஆள் நல்ல திடம். அதனாலேயே கரையில் பகிடி கூடிவிட்டது. "இனிக் குளிக்கேக்கை வாளியையும் எட்டத்திலை வைக்கச் சொல்லுங்கோ அக்கா, தண்ணி ஆடினா விழுந்திடுவார்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். என் கணவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். வீட்டுக்குள் வந்ததும் அந்தச் சிரிப்பு இருக்காது.

மற்றவர்களுடைய கிழிந்த வலைகளைத் திருத்திக் கொடுக்கும் வேலையைக் கரையில் தொடங்கினார். அவருடைய கைவேலை சுத்தம். வேலை வந்தது. நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் பூசைக்கு வருவது நின்றது. முதலில் தலைச்சுற்று என்றார். பிறகு காரணம் சொல்லுவதையும் விட்டுவிட்டார். நான் செபமாலையை எடுத்தால் அவர் எழும்பிப் படலையடிக்குப் போய்விடுவார். மகள் கலியாணம் முடித்து மன்னாருக்குப் போன பிறகு நானும் சுவரும்தான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏனப்பா, ஒருக்கா வந்து இருந்தா என்ன? நித்திரை கொண்டாலும் பரவாயில்லை."

அவர் கையிலிருந்த வலையை மடித்து வைத்தார். பிறகு சொன்னார். "கோயிலிலை இருக்கிறவரோடை எனக்குப் பழக்கமில்லை. எனக்குப் பழக்கமானவர் கடலிலை. அவர் என்னை ரெண்டு தரம் தூக்கித் தண்ணிக்குள்ளை போட்டிட்டார். இனி வராதை எண்டுதானே அதுக்கு அர்த்தம். பிறகென்ன கதை?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் சொன்ன விதம், வேலையால் நிற்பாட்டப்பட்ட ஒருவர் சொல்லுகிற மாதிரி இருந்தது. நான் உள்ளே போய் உலைக்கு அரிசி கழுவினேன்.

எங்கள் பங்குச் சுவாமியிடம், கோயில் குருவானவரிடம், சொன்னேன். அவர் வந்து புத்தி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. "இழுக்காதேங்கோ அம்மா. நீங்கள் விடாமல் கதைச்சுக்கொண்டிருங்கோ" என்று மட்டும் சொன்னார். யாரோடு கதைப்பது, கணவரோடா ஆண்டவரோடா என்று கேட்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் தொழிலுக்குப் போன காலம் முழுவதும் நான் விடாமல் செபித்தவள் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. எஞ்சின் சத்தம் தூரத்தில் தேய்ந்து போனதும் தொடங்குவேன். திரும்பி வந்து சத்தம் கேட்கும் வரை மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் கரையில் தங்கிய பிறகு பார்த்தால், எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ஆள் பக்கத்தில் இருக்கிறார், காற்றைப் பற்றிய கவலை இல்லை. செபமாலை கையில் உருளும், மனம் வேறு எங்கோ நிற்கும். இவ்வளவு காலமும் என்னைச் செபிக்க வைத்தது பயம்தான் போலும் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. பிறகு மெல்ல மெல்ல ஒரு வேண்டுதல் எனக்குக் கிடைத்தது. அவர் மறுபடியும் உம்மோடு கதைக்க வேண்டும், ஆண்டவரே. வேறு ஒன்றும் வேண்டாம். பூசைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, ஏசினாலும் பரவாயில்லை, உம்மோடு கதைத்தால் போதும். தினமும் இதையேதான் கேட்டேன்.

வள்ளம் கரையில் வெயிலில் கிடந்தது. கிடந்தால் பழுதாகிவிடும், விற்றுவிடுவோம் என்று முடிவெடுத்தார். வல்வெட்டித்துறையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். நாற்பது வயது மதிக்கலாம். நெற்றி நிறைய விபூதி. எஞ்சினை இயக்கிப் பார்த்து, அடிப்பக்கம் முழுவதும் கையால் தடவிப் பார்த்து, பிடித்திருக்கிறது என்றார். விலை பேசி முடிந்தது. இரண்டு நாளில் உழவு மெசினில் இழுவைப் பெட்டி பூட்டிக்கொண்டு வந்து ஏற்றுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை நான் கரைக்குப் போனபோது என் கணவர் வள்ளத்தின் பக்கவாட்டில் எழுதியிருந்த அந்தோனியார் பெயருக்கு மேலே நீலப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். கூடு வெறுமையாக இருந்தது. சுருவம் ஒரு பழைய வலைத் துண்டுக்குள் சுற்றி மணலில் கிடந்தது.

"என்ன செய்யிறியள்?" என்றேன்.

"வாங்கிறவர் சைவக்காரர். அவருக்கு இது சங்கடம்."

அது நியாயமான கதைதான். ஆனால் அவர் பெயின்ற் அடித்த வேகத்தைப் பார்த்தபோது, அது வாங்குகிறவருக்காக மட்டும் அடித்த பெயின்ற் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுருவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமி மேசையில் வைக்காமல், வலை வைக்கிற கொட்டிலில் ஒரு தட்டில் வைத்தார். நான் அதைத் தொடவில்லை. இழுக்காதேங்கோ என்று சுவாமி சொன்னது அந்தோனியாருக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

வள்ளம் போய்விட்டது. கொஞ்ச நாள் கழித்து, ஒரு முற்பகல், வாங்கியவர் மோட்டார் சைக்கிளில் வந்து படலையடியில் இறங்கினார். கையில் ஒரு வாழைக்குலை. வள்ளத்தில் ஏதோ பிழை கண்டுவிட்டார், வாதாட வந்திருக்கிறார் என்று என் கணவர் நினைத்திருக்க வேண்டும். முகம் இறுகிப்போய் எழும்பி நின்றார்.

நான் கதிரை எடுத்துப் போட்டும் வந்தவர் இருக்கவில்லை. "அண்ணை, ஆளைத் தாங்கோ" என்றார்.

"எந்த ஆள்?"

"வள்ளத்திலை இருந்த ஆள். கூட்டை வைச்சிட்டு ஆளை இறக்கிப்போட்டெல்லே தந்திருக்கிறியள்."

என் கணவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்கள் சைவமெல்லே. உங்களுக்குச் சங்கடமா இருக்கும் எண்டுதான் எடுத்தனான்."

"நான் சைவம்தான் அண்ணை. வள்ளம் வேதமெல்லே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்தவர் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். அவரோடு தொழிலுக்கு வருகிற இரண்டு பேர் வெறுங்கூட்டைக் கண்டிருக்கிறார்கள். இதில் இருந்தவரை ஏன் இறக்கினார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் நீலப் பெயின்ற் மட்டும் புதிதாக இருந்ததைக் கண்டு சுரண்டிப் பார்த்தால் உள்ளே எழுத்து. பெயரை மறைத்து, சாமியையும் இறக்கித் தந்த வள்ளம் என்றால் அதில் யாரோ செத்திருக்க வேண்டும், அல்லது அது களவு வள்ளமாக இருக்க வேண்டும் என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒருவரும் ஏறவில்லை. வள்ளம் வாங்கியபடியே மணலில் கிடக்கிறது.

மரியாதைக்கு என்று செய்தது இப்படி முடிந்திருக்கிறது. என் கணவர் தலையைச் சொறிந்தார். கொட்டிலுக்குள் போய், வலைத் துண்டோடு சுருவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். "இந்தாங்கோ, கொண்டுபோய் வையுங்கோ."

வந்தவர் கையை நீட்டவில்லை. தான் வைத்தால் சரிவராது, உங்கள் செபமும் தனக்குத் தெரியாது என்றார். சுவாமியைக் கேட்டுப் பாருங்கோ, அவர் வந்து ஆசீர்வதிப்பார் என்று என் கணவர் சொன்னார். அதற்கு வந்தவர் சொன்ன பதில்தான் எல்லாவற்றையும் திருப்பியது.

"சுவாமியார் இந்த வள்ளத்திலை ஒருநாளாவது தொழிலுக்கு வந்தவரே? இவரோடை கதைச்சது நீங்கள்தானே. கடலிலை நீங்கள் கத்துறது மற்ற வள்ளத்துக்கும் கேக்குமாம், இஞ்சை கரையிலை சொன்னவை. நீங்கள் வந்து வைச்சு, வழமையாச் சொல்லுறதை ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. அப்பதான் என்ரை ஆக்கள் ஏறுவாங்கள்."

என் கணவர் மாட்டேன் என்றுதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சுருவம் அவர் கையிலேயே இருந்தது. அவர் அதன் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உம்மையும் கூட்டிக்கொண்டு போறன்" என்று என்னிடம் சொன்னார். தனியாகப் போக அவருக்குப் பயம் என்று எனக்கு விளங்கியது.

அடுத்த நாள் ஓட்டோ ஒன்று பிடித்துக்கொண்டு போனோம். சுருவத்தைத் துவாயில் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். வல்லை வெளியைக் கடக்கும்போது காற்று ஓட்டோவையே தள்ளியது. அவர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். இல்லை, என்ன சொல்லுறது என்று யோசிக்கிறேன் என்றார். நான் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. என்னுடைய அந்த ஒரே வேண்டுதலை மட்டும் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வல்வெட்டித்துறைக் கடல் எங்கள் கடல் மாதிரி இல்லை. எங்களுடையது குளம் போல அடங்கிக் கிடக்கும். இது இரைந்துகொண்டே இருந்தது. வள்ளம் மணலில் கிடந்தது. அந்த இரண்டு தொழிலாளரும், ஒருவர் வயதானவர், மற்றவர் நடுத்தர வயது, கையைக் கட்டிக்கொண்டு எட்டத்தில் நின்றார்கள். என் கணவர் முதலில் அவர்களிடம் போனார். இதில் யாரும் சாகவில்லை, களவும் இல்லை, விழுந்தது நான்தான், எனக்குக் காதில் வருத்தம் என்று விளக்கமாகச் சொன்னார். தன் வருத்தத்தைப் பற்றி அவர் பிறரிடம் பகிடி இல்லாமல் சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

கூட்டில் சுருவத்தை வைத்தார். கண்ணாடியைப் பூட்டினார். எல்லோரும் காத்துக்கொண்டு நின்றோம். அவர் கடலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தண்ணிக்குள்ளை இறக்குங்கோ. தரையிலை நிண்டு எனக்குச் சொல்லத் தெரியாது" என்றார்.

வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. வள்ளத்தை இடுப்பளவுத் தண்ணீர் வரை தள்ளினார்கள். வாங்கியவர் அவரை ஒரு பக்கத்தாலும், வயதான தொழிலாளர் மறுபக்கத்தாலும் பிடித்து ஏற்றினார்கள். அலை வள்ளத்தைத் தூக்கித் தூக்கி வைத்தது. அவர் முகம் வெளிறிப்போனது. குனிந்து தண்ணீரை அள்ளி நெற்றியில் வைத்தார். கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினார். நான் சேலை நனைய முழங்கால் தண்ணீரில் நின்றேன்.

"இஞ்சை பாரும்," என்றார். கூட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மறுபடியும் தொடங்கினார். "கனநாளாச்சு. நான் கோவத்திலை இருந்தனான், உமக்குத் தெரியும். இவையள் புது ஆக்கள். இந்தக் கடலும் எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வாரும்."

அதோடு முடிந்தது என்று அவரை இறக்கப் பார்த்தார்கள். அவர் கூட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"நான் இனிக் கரையிலைதான். அங்கையும் வாரும்."

ஆமென் சொல்ல வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் வழுக்கிவிடுவாரோ என்று அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரைப் பிடித்துக்கொண்டு நின்ற வயதான தொழிலாளர்தான், தன்னிடம் கேட்ட மாதிரி, "வருவார் தம்பி, வருவார்" என்றார்.

கரைக்குக் கொண்டுவந்ததும் அவர் மணலில் குந்தியிருந்து, தின்றது குடித்தது எல்லாம் வெளியே வர, நன்றாகச் சத்தி எடுத்தார். வாங்கியவருடைய வீட்டிலிருந்து இஞ்சி போட்ட பிளேன்ரீ வந்தது. நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அது நெஞ்சுக்குள் இத்தனை காலமும் முடிந்து வைத்திருந்த முடிச்சு ஒன்று தானாக அவிழ்ந்ததனால் வந்த அழுகை. அவர் என்னைப் பார்த்து, "ஏன் அழுறீர், நானெல்லே சத்தி எடுக்கிறன்" என்றார். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று அப்போதுதான் நம்பினேன்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்பார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவர் பூசைக்கு வருகிறார். வேப்பமரத்தின் கீழ்தான் நிற்கிறார். செபமாலைக்கு இருக்கிறார், இப்போது கிள்ளுவதற்கு மகள் இல்லை, நான் கிள்ளுவதும் இல்லை. விடியற்காலையில் கிணற்றுக் கட்டில் தேத்தண்ணியோடு இருந்து தன்பாட்டில் கதைப்பார். அடுப்படியில் நிற்கிற எனக்குச் சொற்கள் விளங்காது, சத்தம் மட்டும் கேட்கும். சில நாட்களில் அது முறைப்பாடு, சில நாட்களில் சிரிப்பு. கடலில் இருந்தவரும் கரையில் இருக்கிறவரும் ஒருவர்தான் என்று அவர் எப்படிக் கண்டுகொண்டார் என்று நான் கேட்டதில்லை. நான் அடுப்பை மூட்டியபடி நன்றி சொல்லுவேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லாத நாளிலும் இப்போது எனக்குச் செபம் வருகிறது.

ஆனால் ஊரில் இந்தக் கதை எங்களுக்கு முன்னாலே ஓடிவிட்டது. கொட்டிலில் இருந்த சுருவம் அழுதது என்று ஒருவர் சொன்னார். அது வராமல் வள்ளத்தின் எஞ்சின் இயங்கவே இல்லை என்று இன்னொருவர். அன்றைக்கே வலை கிழியக் கிழிய மீன் பட்டது என்றும், அந்தக் கடல் தண்ணீர் பட்டதும் என் கணவருக்குத் தலைச்சுற்று மாறிவிட்டது என்றும் பூசை முடிந்து வந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார். பாவம், நல்ல மனதோடுதான் சொன்னார். வாங்கியவர் இடைக்கிடை தொலைபேசி எடுப்பார். அன்றைக்கு மற்ற வள்ளங்களுக்குப் பட்ட அளவுதான் தங்களுக்கும் பட்டது என்று அவரே சொன்னார். என் கணவர் இன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புகிறார்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கடவுளோடு கோபித்துக்கொண்டு ஒதுங்கி இருக்கிற யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அல்லது அப்படிப்பட்டவருக்காகக் காத்திருக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது நான் எழுதினபடியே சொல்லுங்கள். சுருவத்தை அழ வைக்காதீர்கள், வலையில் மீனைக் கூட்டாதீர்கள், அவரைச் சுகமாக்காதீர்கள். சத்தி எடுத்ததையும் விட்டுவிடாதீர்கள். கதைக்காமல் இருந்த ஒரு மனிதர் மறுபடியும் கதைத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. கேட்கிறவர்களுக்கும் அதுவே போய்ச் சேரட்டும்.